ஏழு பள்ளிக்கூடம், இருபத்தொரு ஆட்டம்

"டீச்சர், நேரம் பத்தலைன்னு பத்துப் பத்து நிமிஷமாக் குறைச்சுட்டாங்க. இருபது நிமிஷம். இந்த வருஷம் எங்க கபடி அவ்ளோதான்" என்றாள் போனில். பின்னால் பஸ் ஹாரன் கேட்டது. சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்கான குறுவட்டப் போட்டியில் முதல் ஆட்டத்திலேயே தோற்று, பன்னிரண்டு பிள்ளைகளோடு பஸ் ஸ்டாண்டில் நின்றபடி பேசினாள்.

அவள் என் மாணவி இல்லை. எங்கள் அணிக்கு எதிரே நின்று ஆடியவள். இப்போது ராமேஸ்வரம் தீவுப் பக்கம் ஒரு பள்ளியில் பகுதிநேர உடற்கல்வி ஆசிரியை. 2012-ல் தமிழ்நாடு முழுக்க 16,000-க்கும் மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தார்களே, அதில் வேலைக்கு வந்தவள். வாரத்துக்கு மூன்று அரை நாள் வேலை. மற்ற நாளிலும் சாயங்காலம் போய்ப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறாள். அதற்குச் சம்பளம் கிடையாது.

சென்னை கண்ணகி நகர் கார்த்திகா 2025 அக்டோபரில் பஹ்ரைனில் ஆசிய இளையோர் கபடியில் தங்கம் ஜெயித்து வந்ததிலிருந்து அவள் பள்ளியில் கபடிக்குப் பேர் கொடுத்த பிள்ளைகள் அதிகமாகிவிட்டார்கள். மாதக்கணக்கில் பயிற்சி எடுத்தார்கள். கடைசியில் கிடைத்தது இருபது நிமிஷம்.

"உங்க ஏழு ஸ்கூல் மேட்ச் மாதிரி இப்ப ஏன் டீச்சர் இல்ல? அது ஏன் நின்னுச்சு?"

போனில் என்னால் ஒழுங்காகச் சொல்ல முடியவில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் 1964-ல் பிறந்தவள். தனுஷ்கோடியைக் கடல் கொண்ட வருஷம். மண்டபத்தில்தான் பள்ளிப் படிப்பு. 1979-ல் எங்கள் பள்ளிப் பெண்கள் கபடி அணி மாவட்டப் போட்டிக்குப் போனது. எப்படிப் போனோம் தெரியுமா? எங்கள் வட்டாரத்தில் வேறு எந்தப் பள்ளியிலும் பெண்கள் அணி இல்லை. ஆடாமலே ஜெயித்தோம். அப்போது ராமநாதபுரம் மாவட்டம் என்றால் மேற்கே ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வரை ஒரே மாவட்டம். சிவகாசி, விருதுநகர், காரைக்குடி, தேவகோட்டை எல்லாம் அதற்குள்தான். போட்டி நடந்தது விருதுநகரில். முதல் நாள் மண்டபத்தில் பாசஞ்சர் ஏறி, மானாமதுரையில் இறங்கி வண்டி மாறி, ராத்திரி ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டுப் படுத்தோம். காலையில் முதல் ஆட்டமே எங்களுடையது. பதினைந்து நிமிஷம், ஐந்து நிமிஷ இடைவேளை, மறுபடி பதினைந்து. எதிரே நின்ற பிள்ளைகள் இறுகிய செம்மண்ணில் ஓடிப் பழகியவர்கள். நாங்கள் கடல் மணலில் ஆடியவர்கள். கால் எங்கே வைத்தாலும் வழுக்கியது. இரண்டு லோனா வாங்கினோம். லோனா என்றால் ஏழு பேரும் அவுட்டாகி வெளியே போவது. அதற்குத் தனியாக இரண்டு புள்ளி எதிரணிக்கு. பதினோரு மணிக்கெல்லாம் பையைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தோம்.

என் பள்ளி வாழ்க்கையில் நான் ஆடிய முதல் மேட்ச் அது. கடைசி மேட்சும் அதுதான்.

நாக் அவுட் முறையில் என்ன நடக்கிறது என்றால், நன்றாக ஆடுகிற பிள்ளைக்கு இன்னும் இன்னும் ஆட்டம் கிடைக்கும். ஆட்டம் தெரியாத பிள்ளைக்கு, அதாவது ஆட்டம் யாருக்குத் தேவையோ அவளுக்கு, ஒன்றோடு முடிந்துவிடும். குறுவட்டம், மாவட்டம், மாநிலம் என்று மேலே போகப்போக ஆளைக் கழித்துக்கொண்டே போவதற்கு அந்த முறை சரி. ஆனால் கழிக்கப்பட்ட பிள்ளை அடுத்த வருஷம் எதைக் கற்றுக்கொண்டு வருவாள்? இந்தக் கேள்வி அன்றைக்கு மானாமதுரை ஸ்டேஷனில் வண்டிக்குக் காத்திருந்தபோதே எனக்குள் விழுந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

1985-ல் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தார்கள். பயணம் குறைந்தது. ஆட்டம் கூடவில்லை.

காரைக்குடி அழகப்பா உடற்கல்வியியல் கல்லூரியில் படித்து முடித்து, 1990-ல் மண்டபத்துக்கும் கீழக்கரைக்கும் நடுவே ஒரு அரசு உயர்நிலைப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தேன். இரண்டு வருஷம் குறுவட்டத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போனேன். இரண்டு வருஷமும் முதல் ஆட்டத்தோடு வீடு. 1992-ல் அப்படித் தோற்றுவிட்டுத் திரும்பும்போது, உச்சிப்புளியில் ஒரு டீக்கடையில் ஏழு பேர் உட்கார்ந்திருந்தோம். தங்கச்சிமடம் தொடங்கி கீழக்கரை வரைக்கும் உள்ள பள்ளிகளின் உடற்கல்வி ஆசிரியர்கள். நான்கு ஆண்கள், மூன்று பெண்கள். ஏழு பேரில் ஆறு பேர் பள்ளி அன்றைக்குத் தோற்றிருந்தது.

"நமக்குள்ள ஆடுவோம் சார். எல்லாரும் எல்லாரோடயும்" என்றேன்.

எங்களில் மூத்தவர், பாம்பன்காரர், ஒன்றும் பேசாமல் எங்கள் ஏழு டீ கிளாஸையும் எடுத்து மேஜையில் வட்டமாக வைத்தார். ஒரு கிளாஸைத் தொட்டு, "இந்த வாரம் இவுங்க ஊர்ல மேட்ச்" என்றார். அதற்கு இடப்பக்கமும் வலப்பக்கமும் இருந்த இரண்டு கிளாஸையும் தொட்டு, "இவுங்க ரெண்டு பேரும் ஒரு ஆட்டம்." அதற்கு அடுத்தடுத்த இரண்டும் ஒரு ஆட்டம். கடைசி இரண்டும் ஒரு ஆட்டம். அப்போது முதலில் தொட்ட கிளாஸ்? "அவுங்களுக்கு ஆட்டம் இல்ல. விசில் ஊதுவாங்க, கோடு போடுவாங்க, சோறு போடுவாங்க. அடுத்த வாரம் பக்கத்து கிளாஸ்."

ஏழு சனிக்கிழமை, ஏழு ஊர், இருபத்தொரு ஆட்டம். ஒவ்வொரு பள்ளிக்கும் ஆறு ஆட்டம். யாரும் யாரோடும் இரண்டு தடவை மோத வேண்டியதில்லை. எந்த அணியும் தன் ஊரில் ஆடாது. நடுவர் எவரும் அன்றைக்கு ஆடுகிற அணியைச் சேர்ந்தவர் இல்லை. அந்த மனிதர் எங்கே கற்றார் என்று தெரியாது. டீ ஆறுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

சனிக்கிழமை என்று முடிவானதும் அங்கேதான். வெள்ளிக்கிழமை ஜும்ஆ இருக்கிறது, கீழக்கரைப் பக்கம் பிள்ளைகள் வர முடியாது. ஞாயிற்றுக்கிழமை தங்கச்சிமடம், பாம்பன் பிள்ளைகளுக்கு மாதா கோயில் பூசை. சனிக்கிழமைக்கு இன்னொரு வசதியும் இருந்தது. விசைப்படகுகள் திங்கள், புதன், சனி கடலுக்குப் போகும். சனிக்கிழமை போன அப்பா ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் கரைக்கு வருவார். "பொம்பளப் புள்ளைக்கு என்ன கபடி" என்று கேட்க வீட்டில் ஆள் இருக்காது. அம்மாவிடம் அனுமதி வாங்கினால் போதும். அம்மாமார் பெரும்பாலும் "போய்ட்டு வா, இருட்டுறதுக்குள்ள வந்துரு" என்பார்கள்.

ஆடியில் குறுவட்டம் முடியும். ஐப்பசியில் மழை பிடித்துக்கொள்ளும். இடையில் உள்ள சனிக்கிழமைகள்தான் எங்களுக்கு. கச்சான் காற்று வீசுகிற காலம். கோடு போட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தால் சுண்ணாம்பு இருக்காது, காற்று அடித்துக்கொண்டு போயிருக்கும். அதனால் கோட்டின் மேல் தண்ணீர் தெளித்து, ஈரத்தில் சுண்ணாம்பு தூவி, மறுபடி தண்ணீர் தெளிப்போம். பெண்கள் ஆடுகளத்தின் அகலம் எட்டு மீட்டர், நீளம் அதைவிட அதிகம். சணல் கயிற்றில் மீட்டருக்கு ஒரு முடிச்சுப் போட்டு வைத்திருந்தேன். அந்தக் கயிறு ஏழு ஊருக்கும் போய் வந்தது. பள்ளிக்கு நூறு ரூபாய் வருஷச் சந்தா. சுண்ணாம்பு, எலுமிச்சம்பழம், பன், சுண்டல், எல்லாம் அதில்தான். பரிசு என்று எதுவும் கிடையாது. பேர் கூட நாங்கள் வைக்கவில்லை. பிள்ளைகள் "சனிக்கிழமை மேட்ச்" என்பார்கள், அவ்வளவுதான்.

ஒரு பள்ளியின் பிள்ளைகள் முழுக்கைச் சட்டையும் பேண்டும் போட்டு, தலையில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஆடுவார்கள். அவர்களுடைய ஆட்டம் எந்த ஊரிலும் காலை எட்டு மணிக்கு முதல் ஆட்டமாக வேண்டும், கூட்டம் சேர்வதற்கு முன்னால். அவர்கள் ஊரில் நடக்கும்போது வாசல் கதவைச் சாத்திவிட வேண்டும், ஆண் ஆசிரியர்களுக்கு வெளியேதான் நாற்காலி. இந்த இரண்டையும் அவர்கள் கேட்டபோது ஒருவர்கூட மறுத்துப் பேசவில்லை. அந்த ஊர் மேட்சுக்குத்தான் பெண்கள் கூட்டம் அதிகம். பிள்ளைகளின் உம்மாக்களும் ராத்தாக்களும் மாடி வராந்தா முழுக்க நின்று, எந்த அணி என்று பார்க்காமல் நன்றாகப் பிடித்தவர்களுக்கெல்லாம் கை தட்டினார்கள். சாப்பாடும் அந்த ஊரில்தான் விசேஷம். நெய்ச்சோறு போட்டார்கள். வருஷம் முழுக்க அதைப் பற்றியே பேசுவார்கள் என் பிள்ளைகள்.

ஒரு சனிக்கிழமை மேட்ச் தீவுப் பக்கம். நாங்கள் பாசஞ்சரில் போனோம். அப்போதிருந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தில் காற்று 58 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் சிக்னல் கிடைக்காது. மண்டபத்திலேயே வண்டி நின்றுவிட்டது. ரோடு பாலம் 1988-லேயே திறந்தாகிவிட்டது, பஸ் உண்டு, ஆனால் பன்னிரண்டு பேருக்கும் டிக்கெட் எடுக்கக் கையில் காசு இல்லை. மீன் ஏற்றப் போகிற வெறும் லாரி ஒன்று வந்தது. டிரைவர் என் பிள்ளைகளில் ஒருத்திக்குத் தாய்மாமன். பின்னால் ஏறிக்கொண்டோம். ஐஸ் கரைந்த தண்ணீர் கணுக்கால் வரை. பாலத்தின் மேல் நிற்க முடியாத காற்று. பிள்ளைகள் ஒருத்தி இடுப்பை ஒருத்தி பிடித்து, சங்கிலிப் பிடி போட்ட மாதிரி உட்கார்ந்து பாலம் கடந்தார்கள். அன்றைக்கு எதிரணிப் பிள்ளைகள் எங்களை மீன் வாடைக்காகக் கிட்ட வந்து பிடிக்கவில்லை என்று என் பிள்ளைகள் இன்றைக்கும் சொல்வார்கள். ஜெயித்தது என்னவோ உண்மை.

என் அணியில் ஒரு பிள்ளை இருந்தாள். அம்மாவும் அத்தையும் தீவுகளுக்குப் போய்ப் பாசி எடுக்கிறவர்கள். லீவு நாளில் இவளும் போவாள். விரலில் துணி சுற்றிக்கொண்டு, மூச்சை அடக்கி முங்கி, பாறையில் ஒட்டிய பாசியைப் பிய்க்கிற வேலை. எவ்வளவு துணி சுற்றினாலும் விரல் நுனி எல்லாம் கீறலாக இருக்கும். எதிரணிக் களத்துக்குள் பாடிப் போனால் கடைசி வரை "கபடி கபடி" ஒரே சீராக வரும். முதல் கபடி எப்படிக் கேட்டதோ, நடுக்கோட்டுக்குத் திரும்பும்போதும் அதே அளவில் கேட்கும். மற்ற ஊர்ப் பிள்ளைகள் அவளை மூச்சுக்காரி என்றார்கள். ஆனால் மூச்சை விட எனக்கு அவள் பிடிதான் பெரிது. குனிந்து கணுக்காலைப் பிடித்தால் விடமாட்டாள். ஆட்டம் முடிந்து பார்த்தால் விரல் கீறல் எல்லாம் திறந்து மணலோடு ரத்தம் ஒட்டியிருக்கும். "எரியலையா புள்ள?" என்றால், "உப்புத் தண்ணி படுறப்ப எரியிறதுல பாதி கூட இல்ல டீச்சர்" என்பாள்.

சரி, இப்போது போன் செய்தவளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

1992-ல் அவளுடைய அணி ஆறு ஆட்டத்திலும் தோற்றது. ஏழு பேர் சேர்வதே கஷ்டம். ஆறு பேரோடு இறங்கிய நாளும் உண்டு. அவள்தான் கேப்டன், எட்டாம் வகுப்பு. 1993-ல் மறுபடியும் ஆறும் தோல்வி, ஆனால் லோனா குறைந்திருந்தது. நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். முதல் வருஷம் ஆறு ஆட்டத்தில் பதினான்கு லோனா, இரண்டாம் வருஷம் ஆறு. அவர்களுடைய பி.டி. சார் அதைத்தான் பிள்ளைகளிடம் காட்டுவார். "பாருங்க, எட்டு குறைஞ்சிருக்கு."

1994-ல் ஒரு சனிக்கிழமை. எங்கள் பள்ளி மைதானம், அதனால் எங்களுக்கு ஆட்டம் இல்லை. நான் பக்க நடுவர். கடைசி நிமிஷத்தில் புள்ளி 23-க்கு 23. அவள் பாடிப் போகிறாள். எதிரே ஏழு பேரும் நிற்கிறார்கள். எதிரணிக் களத்தின் உள்ளே இருக்கும் போனஸ் கோட்டை ஒரு கால் தாண்டி வைத்து, மற்றக் கால் தரையில் படாமல் இருந்தால் போனஸ் புள்ளி. ஆறு பேருக்குக் குறையாமல் நின்றால்தான் அது செல்லும். தொடப் போவதுபோல் வலப்பக்கம் ஒரு அடி வைத்தாள். மூலையில் நின்ற பிள்ளை பின்வாங்கியது. உடனே இடக்காலை நீட்டினாள். நான் கோட்டின் நேரே குனிந்து நிற்கிறேன். ஈரச் சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி அவளுடைய பெருவிரல் மணலில் இறங்கியது. பின்கால் பார்த்தேன். தரையில் இல்லை. நடுவில் நின்றவள் பாய்வதற்குள் திரும்பி நடுக்கோட்டைத் தொட்டுவிட்டாள். கட்டைவிரலைத் தூக்கினேன்.

24-23. எத்தனையோ சனிக்கிழமை தோல்வியைப் பார்த்த பிள்ளைகள் அவர்கள். தோற்ற அணியின் பி.டி. டீச்சர் என்னிடம் வந்து, "நெசமாவே வச்சாளா?" என்று மட்டும் கேட்டார். "வச்சா" என்றேன். "சரி" என்று போய்விட்டார். ஜெயித்த அணியின் பி.டி. சாரைப் பார்த்தேன், ஸ்கோர் மேஜைக்குப் பின்னால் திரும்பி நின்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் கத்தவே இல்லை, என்ன செய்வதென்று தெரியவில்லை அவர்களுக்கு. ஜெயித்துப் பழக்கமில்லையே.

நான் கட்டைவிரலைத் தூக்கியதை யாரும் கேள்வி கேட்காததற்குக் காரணம் நான் நல்லவள் என்பது இல்லை. என் பள்ளிக்கு அந்த ஒரு புள்ளியால் லாபமும் கிடையாது, நஷ்டமும் கிடையாது. அது டீக்கடை மேஜையில் வைத்த வட்டத்தின் பலம்.

அதற்குப் பிறகு நான்கைந்து வருஷம் நன்றாக நடந்தது. எங்கள் ஏழில் இருந்து யாராவது ஒருவர் குறுவட்டத்தில் ஜெயித்து மாவட்டம் போவது வழக்கமாயிற்று. ஒரு வருஷம் மாவட்டத்தில் அரையிறுதி வரை. நாங்கள் எல்லோரும் சேர்ந்து போய்ப் பார்த்தோம். எங்கள் பள்ளி இல்லை அது, ஆனாலும் எங்கள் பிள்ளைகள்தான்.

அப்புறம் எப்படி உடைந்தது?

முதலில் இரண்டு பள்ளிகளை மேல்நிலைப் பள்ளியாகத் தரம் உயர்த்தினார்கள். ஊருக்கு நல்ல விஷயம், நாங்களும் சந்தோஷப்பட்டோம். ஆனால் பதினொன்று, பன்னிரண்டு படிக்கிற பிள்ளைகள் அந்த அணிகளுக்கு வந்துவிட்டார்கள். எங்களுக்குப் பத்தாம் வகுப்போடு சரி. பதினேழு வயசுப் பிள்ளை பிடித்தால் பதிமூன்று வயசுப் பிள்ளையால் எழ முடியாது. வயசுக்கு வரம்பு வைத்துச் சமாளித்தோம். அது பெரிய விரிசல் இல்லை.

2000-ல் ஒரு பெரிய மனிதர் கோப்பையும் ஐயாயிரம் ரூபாயும் தருகிறேன் என்று வந்தார். நல்ல மனசோடுதான் வந்தார். ஒரே ஒரு ஆசை அவருக்கு. தன் ஊர் அணி தன் ஊரில் ஆட வேண்டும், ஊர் ஜனம் பார்க்க வேண்டும். நியாயமாகத்தானே தெரிகிறது? எட்டு வருஷமாக ஏழு ஊர்ப் பெற்றோரும் தங்கள் பிள்ளை ஆடித் தங்கள் மைதானத்தில் பார்த்ததில்லை. கூடிப் பேசினோம். வேண்டாம் என்று சொன்னவர் பாம்பன்காரர் ஒருவர்தான். ஓய்வு பெற ஒரு வருஷம் இருந்தது அவருக்கு. "வீட்டுக்காரன் ஆடக்கூடாதும்மா. ஆடுனா வீட்டுக்காரன் கையில விசில் இருக்கக்கூடாது. ரெண்டுல எதை விடப்போறீங்க?" என்று கேட்டார். ஓட்டுக்கு விட்டோம். நான் கோப்பைக்குக் கை தூக்கினேன்.

இதை எழுதும்போதும் எனக்கு வலிக்கிறது. என் பிள்ளைகள் தங்கள் அம்மா முன்னால் ஆடட்டும் என்று நினைத்தேன். அந்தப் பாசி எடுக்கிற அம்மா ஒரு தடவைகூட மகள் ஆடிப் பார்த்ததில்லை, மகள் பத்தாவது முடித்துப் போயே விட்டாள். அந்தக் குறை என் மனதில் இருந்தது. அதனால்தான் கை தூக்கினேன். ஆனால் பாம்பன்காரர் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லாமல்தான் தூக்கினேன்.

வட்டம் கலைந்தது. நடுவருக்கு ஆள் இல்லை. வீட்டுக்கார அணியின் ஆசிரியரே விசில் ஊத வேண்டியதாயிற்று. வெளியாள் வைத்தால் போக்குவரத்து, படி எல்லாம் கொடுக்க வேண்டும். நூறு ரூபாய்ச் சந்தாவில் அது முடியாது. பரிசுப் பணம் இருக்கிறது என்றதும் இரண்டு இடத்தில் புதுப் பிள்ளைகள் வந்து நின்றார்கள். உள்நாட்டுப் பக்கம் நன்றாக ஆடுகிறவர்களை வருஷ நடுவில் சேர்க்கை போட்டுக் கொண்டுவந்திருந்தார்கள். அவர்கள் வந்ததால் பெஞ்சுக்குப் போன பிள்ளைகள் அந்தந்த ஊர்ப் பிள்ளைகள்தான்.

2001-ல் அந்த ஆட்டம். எந்த ஊர் என்று எழுத மாட்டேன். வீட்டுக்கார அணி ஒரு புள்ளி பின்னால். கடைசிப் பாட்டு. பாடிப் போன பிள்ளை தொட்டாள் என்று நடுவர் விசில் ஊதினார். தொடவே இல்லை என்று எதிரணிப் பிள்ளை அழுதாள். தொட்டிருக்கலாம். நான் நின்ற இடத்திலிருந்து தெரியவில்லை. ஆனால் ஊதியவர் வீட்டுக்கார அணியின் ஆசிரியர். நானூறு பேர் கூட்டம், எல்லாம் அந்த ஊர் ஜனம். அந்தப் பிள்ளை தன் முழங்கையைக் காட்டி, "இங்க தொட்டேன்னு சொல்றா சார், இங்க சுண்ணாம்பு பட்டிருக்கு பாருங்க, அவ கையில சுண்ணாம்பே இல்ல" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். யார் காதிலும் விழவில்லை. அவளுடைய பி.டி. டீச்சர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியேறினார். காலை எட்டு மணி ஆட்டம் கேட்ட பள்ளி அடுத்த வாரம் வரவில்லை. கூட்டம் பெரிதாகிவிட்டது, எட்டு மணிக்கே வந்துவிடுகிறார்கள் என்று காரணம் சொன்னார்கள். ஒருவரும் போய் அழைக்கவில்லை. நானும் போகவில்லை.

2002-ல் பெரிய பள்ளிகள் ஒரு பிரிவு, சின்னப் பள்ளிகள் ஒரு பிரிவு என்று பிரித்தோம். பெரியவர்கள் மூன்று பேர். ஒரே வருஷத்தில் அவர்கள் ராமநாதபுரம் டவுன் பள்ளிகளோடு ஆடப் போய்விட்டார்கள். சின்னவர்களில் ஒருவருக்கு பி.டி. ஆசிரியர் மாறுதலில் போனார், பதிலுக்கு ஆள் வரவில்லை. 2003-ல் கடைசியாக இரண்டு பள்ளி மட்டும் ஆடினோம். நாங்களும், முதல் இரண்டு வருஷம் ஆறும் தோற்றவர்களும். அந்தப் பி.டி. சார் வந்திருந்தார். ஆட்டம் முடிந்ததும் கயிற்றைச் சுருட்டி என் கையில் கொடுத்தார்.

ஐந்து நாள் கழித்து இதையெல்லாம் அவளிடம் போனில் சொன்னேன். டீ கிளாஸ் கணக்கைத்தான் இரண்டு தடவை சொல்லச் சொன்னாள். எதிரே டம்ளரை வைத்துக்கொண்டு கேட்கிறாள் என்று சத்தத்திலேயே தெரிந்தது.

"நாலு ஸ்கூல் பேசி வச்சிருக்கேன் டீச்சர். வட்டம் வரமாட்டேங்குதே?"

"நாலுல வராது. ஒத்தைப்படையா இருக்கணும், அப்பத்தான் ஒருத்தர் சும்மா இருப்பாங்க. அஞ்சு இருந்தா அஞ்சு சனிக்கிழமை, பத்து ஆட்டம், ஆளுக்கு நாலு."

"அஞ்சாவதுக்கு எங்கிட்டுப் போக? உங்க ஸ்கூல் இருக்கு. ஆனா நீங்க ரிட்டையர் ஆனதுக்கப்புறம் அங்க பி.டி. போஸ்ட்டுக்கு ஆளே போடலையாமே?"

"போடல."

"அப்ப யாரு டீச்சர் புள்ளைகளைக் கூட்டிட்டு வருவா?"

திங்கட்கிழமை தலைமை ஆசிரியரைப் பார்க்க நேரம் கேட்டிருக்கிறேன். கயிறு பரணில்தான் இருந்தது. நடுவில் இரண்டு முடிச்சு எலி கடித்திருக்கிறது. எட்டு மீட்டருக்கு மேல் அளக்கும்போது பார்த்துக்கொள்ள வேண்டும்.